தோட்டத்துப் பார்வையாளரும் ஈழத்துத் தமிழ்ச் சினிமாவும்
(கஹவத்தைப் பகுதியை முன்னிறுத்திய ஒரு நோக்கு)

சினிமாத்துறை பற்றி இன்று வெளிவரும் செய்திகளுட் பெரும்பாலானவை கணக்குச் செய்திகளே. ஒரு படம் எத்தனை கோடி ஈட்டியது, எத்தனை நாடுகளில் ஒரே நாளிற் திரையிடப்பட்டது, அதனைக் கைத்தொலைபேசிவழிக் காட்டும் உரிமை என்ன விலைக்குப் போயிற்று என்பனவே அவற்றின் பொருள். தமிழ்நாட்டுப் படமொன்றின் வசூற் கணக்கில் இலங்கையும் ஒரு வரியாக இடம்பெறுவதுண்டு. அந்த ஒரு வரிக்குள் தோட்டத்து லயன்களில் வாழ்வோர் தனித்துத் தெரிவதில்லை. வசூலை எண்ணுவோரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றைப் பேசுவோரும் தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் என்ற வரிசையோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அப்படங்களை யார் பார்த்தனர், பார்த்திருக்க வேண்டியோர் எங்கே போயினர் என்ற வினா போதியளவு எழுப்பப்படவில்லை. மலையக மக்களைப் பொறுத்தவரை அவ்வினா வெறும் ரசனை பற்றிய வினாவன்று.

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த சிறு நகரம் கஹவத்தை. தோட்ட மக்கள் நாவில் அது காவத்தை. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் கலந்து விளையும் இப்பிரதேசம் நுவரெலியாவைப் போன்று தமிழர் செறிந்து வாழும் பகுதியன்று. சிங்களக் கிராமங்களுக்கு இடையே தீவுகள்போற் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இவ்வமைப்பு சினிமா அனுபவத்தையும் பாதித்தது. தோட்டத்தார் படம் பார்க்க இறங்கிச் சென்றது சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரத்துக்கே. அங்கு திரையிடப்பட்ட தமிழ்ப் படத்தைச் சிங்கள மக்களும் பார்த்தனர். இதில் வியப்பில்லை. சிங்களத்தின் முதற் பேசும்படமெனக் கொள்ளப்படும் ‘கடவுனு பொறொந்துவ’ (1947) எஸ். எம். நாயகம் என்ற தமிழரால் மதுரையிலிருந்த ஸ்ரூடியோவிற் தயாரிக்கப்பட்டதாகும். இரு மொழியினரது திரை ரசனையும் நீண்டகாலம் ஒரே ஊற்றிலிருந்து நீர் பருகியது.

சினிமாவுக்கு முன்னர் தோட்டத்து இரவுகளை ஆண்டவை காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசுமாகும். அவை கோயில் முற்றத்தில், உறவினரும் அயலவரும் ஆடியவை. ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே பிரட்டுக்குப் போகிறவர்கள். சினிமா அவ்வுறவை மாற்றியது. சம்பள நாளை அடுத்து, மைல் கணக்கில் நடந்து, காசு கொடுத்து, முன்பின் அறியாத முகங்களைப் பார்க்கும் பழக்கம் உண்டாயிற்று. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை, படத்தைப் பார்க்க இயலாதோரிடமும் பாட்டைக் கொண்டு சேர்த்தது.

படம் பார்ப்போராகத் தோட்டத்தார் இவ்வாறிருக்க, படம் எடுப்போர் அவர்களை எவ்வாறு நோக்கினர்? 1934 இல், தேயிலை விளம்பரத்தின் பொருட்டு பசில் ரைற் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ உலகப் புகழ்பெற்ற விவரணப்படம். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதிற் தோன்றுகின்றனர். சந்தை விலைகளைக் கூறும் குரல்களும் கேட்கின்றன. அப்பெண்களின் குரல் மட்டும் கேட்பதில்லை. 1954 இல் வெளியான ‘எலிபன்ற் வோக்’ துரைமாரின் பங்களாவுக்குள் நிகழும் கதை. சப்பிரகமுவவிற்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டு, கேகாலை மாவட்டத்துக் கித்துள்கலையில், களனி கங்கையின் கரையிற் படமாக்கப்பட்ட ‘த பிரிஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957). சயாம் - பர்மா ரயிற்பாதை அமைத்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். அப்பாதையின் கதையைக் கூறும் படம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மாவட்டமொன்றிலேயே எடுக்கப்பட்டது. ஆயினும் அம்மலாயாத் தமிழருக்கு அக்கதையில் இடமில்லை. இதனைவிடக் கூர்மையான முரண் திரைப்பட வரலாற்றில் அரிதெனலாம்.

தமிழ்நாட்டுச் சினிமாவின் நிலை வேறு. கண்டிப் பகுதியிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் ‘தொழிலாளி’, ‘படகோட்டி’ (இரண்டும் 1964), ‘விவசாயி’ (1967), ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) என உழைப்போரின் வேடங்களைத் தொடர்ந்து ஏற்றார். தோட்டத்து இளைஞர் தம் துயரை அந்த வேடங்களுக்குள் புகுத்திப் பார்த்திருப்பர். ஆயினும் அவ்வேடங்கள் எவையும் இலங்கைத் தோட்டத்தின் பிரட்டுக்களத்தில் நின்றவையல்ல.

இப்பின்னணியிலேயே ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் தோற்றத்தை நோக்க வேண்டும். 1962 இல் 16 மில்லிமீற்றர் படமாகச் ‘சமுதாயம்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 35 மில்லிமீற்றரில் அமைந்த முதற் படமாகக் கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ வெளிவந்தது. பெயரே கூறுவதுபோல அதன் களம் தோட்டமாகும். யாழ்ப்பாணத்து வயலையோ கொழும்புத் தெருவையோ அன்றி தேயிலை மலையை இச்சினிமா தன் தொடக்கத்திலேயே நாடியது தற்செயலாகாது. படத்தை வாழவைக்கக்கூடிய கூட்டம் எங்கிருக்கின்றது என்பதைத் தயாரிப்பாளர் அறிந்திருந்தனர்.

ஆனால் அக்கூட்டத்தின் கால்களின்கீழ் நிலம் நழுவிக்கொண்டிருந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியிருந்தது. ‘தோட்டக்காரி’ வெளிவந்த மறு ஆண்டு, 1964 இல், ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரெனக் கணிக்கப்பட்ட நாடற்றோரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் அதில் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டோரிடம் எவரும் எதையும் கேட்டதாக இல்லை.

இங்கே இரு கொள்கைகளை அருகருகே வைத்து நோக்குதல் தகும். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியது. திரைப்பட இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குச் சென்றன. தென்னிந்தியப் படங்களின் வரவு குறைந்தது. உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால், தமிழ்நாட்டுப் படச்சுருள் இங்கே வருவதைக் கட்டுப்படுத்திய அதே ஆண்டுகளில், அப்படத்தைப் பார்த்தோர் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற கப்பலில் ஏறியோர் ஈழத்துத் தமிழ்ச் சினிமாவுக்கு உரிய பார்வையாளரில் ஒரு பெரும் பகுதியினர். 1984 அளவில் அவ்வாறு சென்றோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோராவர். நுழைவாயிலைக் காத்த அரசு, அரங்கின் பின்வாயிலைத் திறந்துவைத்திருந்தது எனலாம்.

இவ்விரு வாயில்களுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்திற் பிறந்ததே ‘புதிய காற்று’ (1975). தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் அதனைத் தயாரித்து நடித்தார், எஸ். இராமநாதன் இயக்கினார். எழுத்துப் பணியைச் செய்தவர் தெளிவத்தை ஜோசப். பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் அவர். லயத்தை வெளியிலிருந்து பார்த்தவரல்லர் அவர்; அதன் மூச்சை உள்ளிருந்து அறிந்தவர். தோட்டத்தாரைப் பற்றிய படம் தோட்டத்தாருள் ஒருவரது எழுத்தில் உருவானது என்பதே ‘புதிய காற்’றின் வரலாற்று முக்கியத்துவம். அது வெளிவந்த ஆண்டிற்றான் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிற் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்து அதிக காலம் ஆகவில்லை. அந்நாளிற் படம் பார்க்கச் சென்றவன் பசியை மறக்கச் சென்றான் என்பர். ஆனால் இப்படம் அவனது நிலைமையையே அவன்முன் நிறுத்தியது.

இதனால் வி. பி. கணேசனின் படங்களைக் குறையற்றவையெனக் கொள்ளவேண்டியதில்லை. ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) என்ற பெயர்களைக் கேட்டமாத்திரத்திற் சென்னைக் கதாநாயகனின் நிழல் தெரிகின்றது. சங்கத் தலைவரே கதாநாயகனாகும்போது, தொழிலாளி தன்னைத்தானே மீட்கும் கதைக்கு இடம் சுருங்குகின்றது. ஆயினும் அந்நிழலையும் மறுக்கவேண்டுவோர், தோட்டத்தை இவ்வளவு தூரம் திரைக்குக் கொண்டுவந்த வேறொருவரைக் காட்டுதல் வேண்டும்.

1978 இல் ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’ முதலிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த உச்சத்தின் பின்னர் வீழ்ச்சி விரைந்தது. படங்கள் தரங்குறைந்தவை, பேச்சு இயல்பற்றது, தென்னிந்தியப் படங்களோடு போட்டியிட முடியாதவை என்ற விமர்சனங்களே பொதுவாகக் கூறப்படுவன. அவற்றுள் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கஹவத்தையிலிருந்து நோக்குமிடத்து அவ்விளக்கம் போதாது. 1977 இன் வன்செயல்கள் மலையகத்தையும் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்ட லயன்கள் தாக்கப்பட்டன. மக்கள் உடைமைகளை இழந்து ஓடினர். சிலர் வவுனியா வரை சென்று குடியேறினர். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, இருட்டில் நகரத்துக்கு இறங்கி இரவுக்காட்சி பார்த்துத் திரும்பும் துணிவு அதற்குப்பின் எவ்வாறு எஞ்சும்? ஒருகாலத்தில் இரு மொழியாரும் அருகருகே அமர்ந்த அரங்கு அது. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். சிங்களச் சினிமாவை வளர்த்த கைகளே எரிக்கப்பட்ட பின்னர் தமிழ்ச் சினிமாவின் தரத்தை மட்டும் எடைபோடுவது நியாயமாகாது.

அக்காலப் படங்களிற் பலவற்றின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. தம்பிஐயா தேவதாஸ் போன்றோர் திரட்டிய செய்திகள் இல்லையெனிற் சிலவற்றின் பெயர்கூட மறைந்திருக்கும். நாடற்றோர் என்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நீங்கியது. திரையில் அவர்கள் நிலை அவ்வளவு மாறவில்லை. பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ (2023), 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மலைநாட்டில் நிகழும் கதை. களவு நடந்ததும் பொலிசார் பிடித்துவருவது தோட்டத்துத் தமிழ் இளைஞரை. அநீதியை அநீதியெனவே காட்டும் நேர்மை அப்படத்துக்குண்டு. ஆயினும் கதையின் மையத்தில் நிற்போர் இந்தியாவிலிருந்து வந்த தம்பதியர்.

‘புதிய காற்று’ வெளியான காலத்திற் சிறுவராயிருந்தோருட் பலர் இன்று சப்பிரகமுவவில் இல்லை. கப்பலேறியோரிற் பெருந்தொகையினர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிற் குடியமர்ந்தனர். தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென்றே தமிழ்நாடு அரசு அங்கு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கஹவத்தைத் தோட்டங்களில் எஞ்சிய முதியோரிடம் கேட்டு எழுதக்கூடியது பாதி வரலாறு. மற்றப் பாதி கடலுக்கு அப்பால், இன்னொரு தேயிலை மலையில், எழுபது வயதை அணுகிக்கொண்டிருக்கின்றது.