பனிநாட்டு நாயும் தக்காணத்து வெயிலும்

மனிதனோடு உலகெங்கும் குடிபெயர்ந்த விலங்குகளுள் நாய்க்கு ஈடானது வேறொன்று இல்லை. உழவனோடு எருது சென்றது; வணிகனோடு குதிரையும் ஒட்டகமும் சென்றன; நாயோ எல்லாரோடும் சென்றது. சென்ற இடங்களிலெல்லாம் அந்நிலத்தின் தட்பவெப்பத்துக்கும் அங்குள்ளோர் தொழிலுக்கும் ஏற்ப அதன் உடலும் குணமும் அமைந்தன. நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை நாய்க்குக் குறுமயிரும் மெலிந்த உடலும் வாய்த்தன. வடதுருவத்தை அடுத்த சைபீரியாவின் நாய்க்கோ அடர்ந்த மயிர்ப் போர்வை வாய்த்தது.

அச்சைபீரிய நாய் இன்று நம் நகரங்களுக்கும் வந்துவிட்டது. செகந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தெருக்களிலே, ஹஸ்கி எனப்படும் இந்நாயை மாலை வேளைகளில் நாம் காண்கின்றோம். இது எங்கிருந்து வந்தது? இதன் வரலாறு வளர்ப்போர்க்கு உணர்த்தும் கடமை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

வடதுருவக் கடலில் ஜோகோவ் என்றொரு சிறு தீவு உண்டு. அங்கு அகழ்ந்தபோது ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட நாயெலும்புகளும் பனிவண்டியின் உறுப்புகளும் கிடைத்தன. பனிவண்டி என்பது சக்கரமின்றிப் பனிமீது வழுக்கிச் செல்லும் வண்டி. அத்தீவு நாய்க்கும் இன்றைய வண்டி நாய்களுக்கும் நெருங்கிய உறவு உண்டென 2020ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று நிறுவியது. பிற நாய்களில் மாவுப் பொருளைச் செரிக்க உதவும் மரபணு பெருகியிருப்பதுபோல் இவற்றில் பெருகவில்லை என்றும், கொழுப்பு மிகுந்த உணவை ஏற்கும் இயல்பே இவற்றில் வளர்ந்துள்ளது என்றும் அவ்வாய்வு கண்டது. நெல்லும் கோதுமையும் விளையாத நாட்டில், இறைச்சியும் மீனும் உண்ட மக்களோடு வாழ்ந்ததன் பயன் இது.

ஆசியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி இனத்தாரே இன்றைய ஹஸ்கியின் முன்னோரை வளர்த்தவர்கள். சுமை பெரிதாக இல்லாத வண்டியை, அளவான வேகத்தில், நெடுந்தொலைவு, சிறிதளவே உணவுண்டு இழுக்கவல்ல நாய்களையே அவர்கள் தேர்ந்து பெருக்கினர். ‘எஸ்கிமோ’ என்னும் சொல் ஆங்கிலேயர் வாயில் திரிந்து ‘ஹஸ்கி’ ஆயிற்று என்பர். சுக்சியர் வளர்த்த நாய்க்கு வேறோர் இனத்தாரின் பெயர், அதுவும் அயலார் சிதைத்த வடிவில், நிலைத்துவிட்டது மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்கத்தக்க வேடிக்கையாகும்.

பொன் வேட்டையால் பெருகிய அலாஸ்காவின் நோம் நகரில் 1908இல் நெடுந்தொலைவு நாய்வண்டிப் பந்தயம் தொடங்கிற்று. போகவும் வரவும் 408 மைல். அதாவது ஏறத்தாழ 650 கிலோமீட்டர். மறு ஆண்டு குசாக் என்னும் வணிகர் சைபீரிய நாய்களைக் கொணர்ந்தபோது, இவ்வளவு சிறிய நாய்களா என உள்ளூரார் நகைத்தனர். அவ்வாண்டு அவை மூன்றாம் இடம் பெற்றன. 1910இல் சைபீரிய நாய்களே முதலிடம் பெற்றன. 1915 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து, நார்வேயிற் பிறந்த லியோன்ஹார்டு செப்பாலா இந்நாய்களைக் கொண்டு வாகை சூடினார்.

இந்நாயின் புகழ் உலகெங்கும் பரவியது 1925ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டு ஜனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் தோன்றிக் குழந்தைகள் மடியலாயினர். அங்கிருந்த மருத்துவர் வெல்ச்சிடம் தக்க மருந்து இல்லை. கடல் உறைந்து கிடந்தது. கப்பல் வர வழியில்லை. ரயில் நெனானா என்னும் ஊர் வரை மருந்தைக் கொணர்ந்தது. அதற்கப்பால் 674 மைல் பனிவெளி. இருபது வண்டியோட்டிகள் ஒருவர்பின் ஒருவராக மருந்தைக் கைமாற்றி, ஐந்தரை நாளில் அத்தொலைவைக் கடந்தனர். பிப்ரவரி 2ஆம் நாள் கூன்னர் காசனின் வண்டி நோமை அடைந்தது. அதன் முன்னணி நாய் பால்ட்டோவுக்கு அவ்வாண்டே நியூயார்க் பூங்காவில் சிலை எடுத்தனர். எனினும் அவ்வோட்டத்தில் மிகக் கடினமும் நெடுமையும் வாய்ந்த பகுதியை ஓடியது செப்பாலாவின் டோகோ என்னும் நாயே என்பதை வரலாற்றாசிரியர் பின்னர் எடுத்துரைத்தனர்.

இவ்வரலாற்றில் துயரப் பகுதியும் உண்டு. 1911 டிசம்பர் 14இல் தென்துருவத்தை முதலில் அடைந்த ஆமுண்ட்சென் 52 நாய்களோடு புறப்பட்டார், மீண்டவை 11. எஞ்சியவற்றுட் பல, திட்டமிட்டபடியே கொல்லப்பட்டு ஏனை நாய்களுக்கும் மனிதர்க்கும் உணவாயின. பின்னர் இயந்திரப் பனிவண்டிகள் பெருகியதால் நாய்களின் வேலை குறைந்தது. 1991இல் உருவான மாட்ரிட் உடன்பாட்டின்படி, 1994 ஏப்ரலுக்குள் அண்டார்க்டிகாவிலிருந்து நாய்கள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. வேலையிழந்த தொழிலாளி காட்சிப் பொருளானதுபோல், அழகுக்காகவே வளர்க்கப்படும் நாயாக ஹஸ்கி உலகெங்கும் பரவிற்று.

குளிர்நாட்டுப் பொருளை வெயில் நாட்டில் வைத்துப் போற்றும் ஆசை நமக்குப் புதியதன்று. 1833இல் பாஸ்டனிலிருந்து கப்பலேறிய பனிக்கட்டி கல்கத்தாவில் வந்திறங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842இல் அதற்கெனவே கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. வரும் வழியில் பனிக்கட்டி உருகினால் வணிகனுக்குச் சிறிது நட்டம்; அவ்வளவே. உயிருள்ள நாய் அத்தகைய பண்டமன்று.

தக்காணத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகையைக் கடப்பதுண்டு. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஹஸ்கிக்கு மயிர் இரண்டு அடுக்கு. அதனை முற்றும் மழித்துவிட்டால் குளிர்ச்சி உண்டாகும் என்று கருதுவது தவறு. மேலடுக்கு வெயிலையும் தடுப்பதால், மழித்த தோல் வெந்து போகும். நாள்தோறும் சீவி உதிர்மயிரை நீக்குவதே முறை. அவ்வாறு சீவுகையில் மயிருக்குள் மறைந்திருக்கும் உண்ணிகளையும் தேடிக் களைய வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உயிருக்கே கேடு விளைவிக்கும்.

ஓடுவதற்கென்றே பிறந்த உடல் அது. ஓட்டமில்லாவிடில் மண்ணைத் தோண்டும், சுவரைத் தாண்டும், ஊளையிடும். ஆகவே கதிரவன் எழுமுன்னரும், இரவில் தரை ஆறிய பின்னரும் நெடுந்தொலைவு நடத்திச் செல்லுதல் வேண்டும். தார்ச் சாலையில் புறங்கையைச் சில விநாடி வைத்துப் பொறுக்க இயலாவிடில், நாயின் பாதமும் பொறுக்காது. பகலில் குளிரூட்டிய அறை இன்றியமையாதது. மின்சாரம் நின்றால் என்செய்வது என்பதையும் முன்னரே எண்ணி வைத்தல் வேண்டும். மூச்சு மிக இரைத்து, எச்சில் ஒழுகி, நாய் தள்ளாடினால் உடனே நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி, விசிறியவாறே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தாமதம் உயிரைப் போக்கும். தயிர்ச்சோறு மட்டுமே இட்டு வளர்ப்பதும் இதன் உடலுக்குப் பொருந்தாது. துத்தநாகச் சத்துக் குறைவால் வரும் தோல்நோயும், கண் நோய்களும் இவ்வினத்தில் மிகுதியாதலின் மருத்துவரைக் கேட்டே உணவை வகுத்தல் நன்று.

இத்தனையும் செய்ய இயலாதோர் இந்நாயை விரும்புதல் தகுமா? அன்பில்லாமையால் அன்று, அறியாமையாலேயே பலர் இதனை வாங்குகின்றனர். நாய்க்குட்டி வளர்ந்து, மின் கட்டணமும் ஊளையும் பெருகிய பின், அதனைக் கைவிடுவோரும் உண்டு. நாய் வேண்டுமெனில் இந்நாட்டு வெயிலில் பிறந்த இனங்கள் பல உள. இராசபாளையம், முதோல் முதலிய நான்கு இந்திய இனங்களுக்கு அஞ்சல் துறை 2005இல் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. தெருவிலே பிறந்து ஆதரவின்றித் திரியும் நாய்க்குட்டியும் அன்புக்கு உரியதே. ஏற்கெனவே ஹஸ்கியை வளர்ப்போர் வருந்த வேண்டுவதில்லை; ஆனால் அதன் குளிருக்குத் தாமே பொறுப்பு என்பதை மறத்தலாகாது.

1806இல் படைவீடாகத் தோன்றிய செகந்தராபாத்துக்குத் தமிழர் சென்னைப் படையோடும், பின்னர் ரயில்வேயோடும் அலுவலகங்களோடும் வந்தனர். ஊர் மாறிய நாம் உணவை மாற்றினோம், அயல்மொழி கற்றோம், வேண்டுமானால் ஊர் திரும்பவும் நம்மால் இயலும். பல்லாயிரம் ஆண்டுப் பனி படைத்த உடலோடு வந்த அந்நாய்க்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. குடிபெயர்ந்து வாழ்தலின் அருமையை அறிந்த நாமன்றோ அதனிடத்து முதலில் இரக்கம் காட்டத் தக்கவர்கள்?