வாய் திறக்காத சாரதி: பன்வில வளைவொன்றிலிருந்து மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் பார்த்தல்

பன்வில நகரிலிருந்து வத்தேகமவுக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு. எதிரே வந்த கார் கோட்டைத் தாண்டி ஓர் ஆட்டோவின் வலப்பக்கத்தில் மோதுகிறது. ஆட்டோ ஓட்டியவர் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர். மணிக்கட்டு முறிந்துவிட்டது. காரிலிருந்து இறங்கியவர், ஆட்கள் கூடுவதற்குள் ஒரு லொத்தர் சீட்டின் பின்புறத்தில் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுக்கிறார். “பொலிஸுக்கெல்லாம் போக வேணாம், நான் பார்த்துத் தர்றேன்” என்று சொல்லிப் புறப்படுகிறார். மூன்றாம் நாள் அழைத்தால் பதில் இல்லை. இது யாருடைய வழக்கும் அன்று, ஆய்வுக்காக அமைத்துக்கொண்ட மாதிரி. மலைநாட்டுப் பாதையில் ஆட்டோ ஓட்டும் எவருக்கும் இதில் புதுமை இருக்காது.

இந்த இடத்தில் ‘சாரதி ஒத்துழைக்கவில்லை, இனி என்ன செய்ய முடியும்’ என்று கைவிட்டுவிடுவது வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதே என் வாதம். ஈட்டுத்தொகையைச் சாரதியின் நல்லெண்ணத்துக்குச் சட்டம் விட்டுவைக்கவில்லை. அவர் கையில் அது விட்டுவைத்தது ஒரேயொரு தகவலைத்தான்: காப்புறுதி நிறுவனத்தின் பெயர்.

முதலில் இரண்டு நட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் 99ஆம் பிரிவில் கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரியது. ஆகவே மணிக்கட்டு அதற்குள் அடங்கும். நசுங்கிய ஆட்டோ அடங்காது. கார்க்காரர் ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலோ, தேர்ட் பார்ட்டியில் சொத்துச் சேதத்தையும் சேர்த்திருந்தாலோதான் அந்த நிறுவனம் ஆட்டோவுக்குப் பணம் தரும். இல்லாவிட்டால் அந்தத் தொகைக்குச் சாரதியையும் உரிமையாளரையுமே தொடர வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாதிக்கப்பட்டவருக்கு ஆரம்பத்திலேயே யாரும் சொல்வதில்லை. அவர் ஆட்டோவின் தகரச் செலவுக்காக மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, சட்டம் உறுதியாகத் தாங்கி நிற்கும் காயத்துக்கான கோரிக்கையை மறந்துவிடுகிறார்.

கருவான பிரிவுகள் 105உம் 106உம். காப்புறுதி செய்த ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பாணை கிடைத்தால், அத்தொகையைக் காப்புறுதி நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குச் செலுத்த வேண்டும் என்கிறது 105. தன் வாடிக்கையாளருடன் செய்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யத் தனக்கு உரிமை உண்டு என்று சொல்லி அந்த நிறுவனம் எளிதில் நழுவ முடியாது. 106 ஒரு நிபந்தனை விதிக்கிறது: வழக்குத் தொடரும் முன்போ, தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். அந்த அறிவித்தலை வழக்கின் எந்தத் தரப்பும் அனுப்பலாம். அதாவது கார்க்காரர் தன் நிறுவனத்திடம் மூச்சுவிடாமல் இருந்தாலும் ஆட்டோக்காரரே அனுப்பிவிடலாம். வாய் திறக்காத சாரதியைச் சட்டம் எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது என்று இதைப் படிக்கிறேன். ஆனால் எந்த முகவரிக்கு அனுப்புவது?

சாரதி ஏன் மறைக்கிறார் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கோரிக்கை பதிவானால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பது ஒரு காரணம். பொலிஸ் வழக்கு வரும் என்ற பயம் இன்னொன்று. மூன்றாவது காப்புறுதிப் பத்திரத்திலேயே இருக்கிறது: நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பிழையை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. ஆகவே “பார்த்துத் தர்றேன்” என்று சொன்னவர், அப்படிச் சொன்னதற்காகவே பின்னர் வாயை மூடிக்கொள்ள வேண்டியவராகிறார். அவருடைய மௌனம் முழுவதும் குணக்கேடு அல்ல. ஆனால் அதன் செலவு விழுவது முறிந்த மணிக்கட்டின் மேல்.

இத்தனைக்கும் அந்தக் காப்புறுதி நிறுவனத்தின் பெயர் அரசுக்குத் தெரியும். ஆண்டுதோறும் வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கும்போது பிரதேச செயலகத்தில் காப்புறுதிச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். இணையவழி முறையிலும் காப்புறுதி நடப்பில் உள்ளதா என்று சரிபார்க்கிறார்கள். கார் வேறு மாகாணத்தில் உத்தரவு பெற்றது என்றால் தகவல் அங்கே இருக்கும், அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வாகன இலக்கத்தைக் குறிப்பிட்டு, விபத்துத் தேதியில் அதற்குக் காப்புறுதி வழங்கிய நிறுவனம் எது என்று கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுக்க இடமிருக்கிறது. அந்த மறுப்பு நிற்காது என்பது என் கருத்து. மற்றவர்களின் பாதுகாப்புக்காகவே கட்டாயமாக்கப்பட்ட ஒன்றின் பெயரை, அந்த மற்றவரிடமிருந்தே மறைப்பதில் என்ன பொது நன்மை இருக்கிறது?

இவற்றுக்கெல்லாம் அடிப்படை பொலிஸில் போடும் என்ட்ரி. காயம் பட்டால் அன்றே போட வேண்டும். முறைப்பாடு பல வேளைகளில் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்கப்படுகிறது. வாசித்துக் காட்டும்போது கவனிக்க வேண்டியவை மூன்று: வாகன இலக்கம், எந்தப் பக்கம் எந்த வாகனம் நின்றது, காயம் இன்னது. ‘இருவரும் சமாதானம்’ என்ற ஒரு வரி உள்ளே போய்விட்டால் பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. தமிழில் சொல்லவும் தமிழில் பதிவைக் கேட்கவும் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் (1988) வழி கிடைத்த மொழியுரிமை இங்கே வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. ஈட்டுத்தொகையின் அளவையே அது தீர்மானிக்கக்கூடும்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் கட்டினால் அது அரசுக்குப் போகும். ஆயினும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 17(4)இன் கீழ், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டும்படி நீதவான் உத்தரவிடலாம். கேட்டால்தான் கிடைக்கும். மருத்துவ அறிக்கையும் செலவுத் துண்டுகளும் அன்று கையில் இருக்க வேண்டும்.

சிறு தொகைகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் மாவட்ட நீதிமன்றம் வழக்கை எடுக்காது. சபை ஊருக்குப் பக்கம், செலவும் குறைவு. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மேசையில் காப்புறுதி நிறுவனம் உட்காருவதில்லை. 105ஆம் பிரிவு கேட்பதோ நீதிமன்றத் தீர்ப்பாணை. நேராகச் சபைக்குப் போய் இரு தரப்பும் ஒப்பமிடும் இணக்கம் தானாகவே அப்படி ஆகிவிடாது. ஏழைக்கு எட்டும் ஒரே கதவு, பணம் இருக்கும் அறைக்குத் திறக்கவில்லை.

காலமும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பதில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், 9ஆம் பிரிவு, இத்தகைய நட்டத்துக்கு இரண்டே ஆண்டுதான் தருகிறது. எலும்பு பொருந்தவும், அலைந்து பெயரைக் கண்டுபிடிக்கவும் அதில் பாதி போய்விடும். ஒவ்வொரு தவணைக்கும் துணைக்குப் போகும் மனைவி கொழுந்து பறிப்பவர் என்றால் அன்று ஒரு பேர், அதாவது ஒரு நாட்சம்பளம், போச்சு. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கார்க்காரரின் மௌனம் நீளும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில்தான் ஏறுகிறது.

இந்தியா இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபின், பொலிஸ் விசாரணையின்போதே விபத்துத் தகவல் அறிக்கையைத் தயாரித்து மூன்று மாதங்களுக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே கோரிக்கை மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்க வேண்டும். பிரித்தானியாவும் 2002ஆம் ஆண்டின் விதிகளால், பாதிக்கப்பட்டவர் காப்புறுதி நிறுவனத்தின் மேல் நேரடியாக வழக்குத் தொடர வழி செய்தது. எங்கள் 105ஆம் பிரிவோ, பிரித்தானியா 1934இல் வகுத்த வழியிலேயே இன்னும் நிற்கிறது: முதலில் சாரதிக்கு எதிராக வென்று வா, பிறகு என்னிடம் வா.

புதிய தீர்ப்பாயம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காயம் பட்ட எந்த விபத்திலும், மோதிய வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்தின் பெயர், சான்றிதழ் இலக்கம், முடிவுத் தேதி ஆகிய மூன்றையும் பொலிஸ் தன் பதிவில் எழுதி, அதன் பிரதியைக் கேட்காமலே பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்குவிதி போதும். சாரதி சான்றிதழைக் காட்ட மறுத்தால், பொலிஸே உத்தரவுப் பத்திரம் வழங்கிய அலுவலகத்தைக் கேட்டு நிரப்பட்டும். மத்தியஸ்த சபையின் அழைப்பாணையும் அதே பெயருக்கு ஒரு பிரதியாகப் போகட்டும். அப்போது லயத்து வீட்டு அலமாரியில், அந்த லொத்தர் சீட்டின் இடத்தில், நிறுவனத்தின் முகவரி எழுதிய ஒரு தாள் இருக்கும்.