படித்த மணியும் வாங்கிய மார்க்கும்

புனேவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு காலை திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் செய்தால், இப்போதெல்லாம் முதல் கேள்வியே இதுதான்: "பிள்ள எத்தன மணி நேரம் படிக்கா?"

மகள் பத்தாம் வகுப்பு. தொழில் புத்தி சும்மா விடுமா? ஒவ்வொரு பாடத்துக்கும் படித்த மணி, வாங்கிய மார்க் என்று இரண்டு மாதம் எக்செல்லில் குறித்து வைத்தேன். ஒட்டுறவு எண்ணைக் கணக்கிட்டால் மைனஸில் வந்து நிற்கிறது! அதிக நேரம் படித்த பாடத்தில்தான் குறைந்த மார்க். 'புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கனவு காண்கிறாயா?' என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அதற்கு முன் இந்தக் கணக்கின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினேன். நல்லவேளை.

இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் யோசனையை 1888-ல் முன்வைத்தவர் பிரான்சிஸ் கால்டன். இன்று நாம் போடும் சூத்திரம் 1896-ல் கார்ல் பியர்சன் கொடுத்தது. விடை +1-க்கும் -1-க்கும் நடுவில் இருக்கும்.

இதை வைத்து மாணவர்களின் படிப்பு நேரத்தைச் சோதித்தவர்களில் பேர் பெற்றவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் ஷூமன். அவரும் சகாக்களும் சுமார் பத்தாண்டுகள் விதவிதமாகக் கேட்டுப் பார்த்து, 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். படித்த மணிக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பே தெரியவில்லை! வகுப்புக்கு ஒழுங்காக வருவதற்குத்தான் அதைவிடத் தெளிவான தொடர்பு இருந்தது.

அப்படியென்றால் படிப்பதே வீணா? அவசரப்படாதீர்கள். 2005-ல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள், வெறும் மணியை மட்டும் பார்க்காமல் முந்தைய மதிப்பெண்ணையும் அமைதியான இடத்தில் படிக்கும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதுதான் படிப்பு நேரத்தின் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2008-ல் வந்த ஆய்வு. கென்டக்கியின் பெரியா கல்லூரி விடுதியில் அறைத்தோழர் யார் என்பது குலுக்கல் மாதிரி அமைவது. வீடியோ கேம் கொண்டுவந்த தோழர் வாய்த்தவர்கள் குறைவாகப் படித்தார்கள், மதிப்பெண்ணும் குறைந்தது. விளையாட்டுப் பெட்டி வந்தது அவர்கள் திறமையால் அல்லவே! அதை வைத்து ரால்ப், டாட் ஸ்டைன்பிரிக்னர் இருவரும் கணக்கிட்டார்கள்: தினமும் ஒரு மணி கூடுதலாகப் படித்தால், 4-க்கு எடுக்கும் சராசரியில் சுமார் 0.36 ஏறும்.

ஆக, படிப்பு பலன் தருகிறது. ஆனால் வராத பாடத்தோடுதான் பிள்ளைகள் அதிக நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். வெறும் ஒட்டுறவு எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. என் மைனஸ் மகளின் சோம்பலைச் சொல்லவில்லை, அவள் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதைச் சொன்னது.

எக்செல்லை மூடிவிட்டு, "எந்த இடத்துலம்மா புரியல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கணக்குப் புத்தகத்தில் முக்கோணவியலைத் திறந்து நீட்டினாள்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இத மொதல்லயே கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

கேட்டிருக்கலாம்தான்.