இரண்டு ஆசான்களின் மாணவர்



பால்மர வேலை ஓய்ந்த மாலையில், தோட்டத்துத் திடலில் சிலம்பம் பழகும் பையன் ஒருவன், "அப்பா, ஜூடோ வகுப்புக்கும் போகட்டுமா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். தகப்பனார் என்ன சொல்வார்? "ஒன்றையே இன்னும் உருப்படியாகப் படிக்கவில்லை, அதற்குள் இன்னொன்றா? உன் வாத்தியார் மனம் என்ன பாடுபடும்?" என்பார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை, அந்த ஜூடோ பிறந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

ஜப்பானில் 1860ஆம் ஆண்டு பிறந்தவர் கானோ ஜிகொரோ. உயரம் 5 அடி 2 அங்குலம்தான், மெலிந்த உடம்பு. பள்ளி விடுதியில் முரட்டு மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினார்கள். சிறிய உடம்புக்காரனும் பெரியவனை வெல்ல வழிகாட்டும் ஜுஜுட்சு என்னும் கலையைக் கற்க அவர் ஏங்கினார்.

ஆனால் காலம் மாறியிருந்தது. 1868இல் ஆட்சி மாறிய பிறகு, ஜப்பான் மேல்நாட்டு வழிகளைத் தழுவியது. 1876இல் சாமுராய்கள் வாள் அணிந்து நடமாடுவதும் தடை செய்யப்பட்டது. பழைய கலைகளை மதிப்பார் இல்லை. ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்தார்கள். ஆகவே கானோவும் கட்டுப்போடும் வைத்தியர்களைத் தேடித்தேடி அலைந்தார். 1877இல் ஃபுகுடா என்ற ஆசான் கிடைத்தார்.

அவர் கற்பித்தது தெஞ்சின் ஷின்யோ பாணி. கழுத்தை நெரித்தல், மூட்டைப் பூட்டுதல், தரையில் அமுக்கிப் பிடித்தல் ஆகியவற்றில் தேர்ந்த பாணி அது. ஒரு பிடியை எப்படிப் போடுவது என்று கானோ கேட்டால், ஆசான் விளக்கம் சொல்லமாட்டார். மறுபடியும் தூக்கி எறிவார். விழுந்து விழுந்தே கற்க வேண்டும் என்பது அவர் முறை.

அங்கே ஃபுகுஷிமா என்றொரு பருத்த மாணவர் இருந்தார். கானோவால் அவரை அசைக்கவே முடியவில்லை. சுமோ மல்யுத்தப் பிடிகளை முயன்றார், பலிக்கவில்லை. நூலகத்திற்குப் போய் மேல்நாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிரியைத் தோளில் தூக்கிச் சுழற்றிப் போடும் பிடி ஒன்று தென்பட்டது. அதைப் பழகி, அந்தப் பருத்த மனிதரைத் தூக்கிப் போட்டார்! அந்தப் பிடியே இன்றும் ஜூடோவில் 'கத்தகுருமா', அதாவது தோள் சக்கரம், என்று வழங்குகிறது.

ஃபுகுடா 1879இல் காலமானார். அதே பாணியின் அடுத்த ஆசானும் 1881இல் மறைந்தார். பிறகே கானோ, கித்தோ பாணி ஆசானான ஈகுபோவிடம் சேர்ந்தார். இவர் எதிரியைத் தூக்கி எறிவதில் இணையற்றவர். முதல் பாணியில் தரைப்பிடி வளம். இரண்டாம் பாணியில் எறிதல் வளம். ஒன்றில் குறைந்தது மற்றதில் நிறைந்திருந்தது.

1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில், 12 பாய் விரித்த அறையில், 9 மாணவர்களோடு கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். அதுவே கொடோகான். ஈகுபோ ஆசானே அங்கு வந்து கற்பித்தார்.

பிறகு ஒருநாள் ஈகுபோவோடு பழகியபோது, கானோ ஆசானை மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். வியந்த ஆசான் காரணம் கேட்டார். முதலில் இழுத்தோ தள்ளியோ எதிரியின் நிலையைக் குலைத்துவிட்டு, பிறகு எறிவதாகக் கானோ விளக்கினார். ஆசான் முகம் சுளிக்கவில்லை. இனித் தாம் கற்பிக்க ஒன்றுமில்லை என்று மனமுவந்து சொல்லி, தம் பாணியின் ஏடுகளையும் ஒப்படைத்தார். மாணவன் மிஞ்சியதில் மகிழ்ந்த பெருந்தகை அவர்!

அந்த நன்றியைக் கானோ மறக்கவில்லை. கித்தோ பாணியின் பழைய அடவுகளைக் 'கொஷிக்கி நோ கத்தா' என்ற பெயரில் ஜூடோவிலேயே பாதுகாத்தார். தாம் பெரிய ஆசானான பிறகும் பிற கலைகளுக்குக் கதவடைக்கவில்லை. 1922இல் ஒக்கினாவாவிலிருந்து வந்த ஃபுனகோஷியை அழைத்துத் தம் பள்ளியில் கராத்தே செய்துகாட்டச் சொன்னார். 1930இல் உயேஷிபா மொரிஹேயின் கலையைக் கண்டு, தம் மாணவர் மொச்சிசுகியை அவரிடம் கற்க அனுப்பினார். அக்கலையே பின்னர் அய்கிடோ எனப் பெயர் பெற்றது. கானோ 1938இல் மறைந்தார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது.

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். கானோ முதல் கலையில் நான்கு ஆண்டுகள் வேரூன்றிய பிறகே இரண்டாவதற்குப் போனார். தம்மிடம் என்ன குறை என்று தெரிந்துகொண்டு போனார். முதல் ஆசானிடம் கற்றதைக் கைவிடவுமில்லை, பழிக்கவுமில்லை. வீட்டில் பிள்ளை கேட்டால், "எத்தனை நாள் பழகினாய்? உனக்கு எது குறைகிறது? வாத்தியாரிடம் சொன்னாயா?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேர்மையான பதில் வந்தால், தயங்காமல் அனுப்புங்கள்.