அளவு சரி, அகலம்? முல்லைத்தீவின் ஓட்ட வீரர்களும் சப்பாத்துத் தெரிவும்

வன்னிப் பாடசாலைகளில் முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால், வெறுங்காலோடு ஓடுவதா சப்பாத்தோடு ஓடுவதா என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். வெறுங்கால் பக்கம் நிற்பவர்கள் தவறாமல் அபேபே பிகிலாவை இழுப்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மரதனை 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வெறுங்காலோடு ஓடி வென்ற எத்தியோப்பியர் அவர். கதையின் முற்பாதியை இவர்கள் சொல்வதில்லை. அங்கே கிடைத்த சப்பாத்துகள் அவருடைய காலுக்குச் சரிவரவில்லை, அதனாலேயே கழற்றி வைத்தார். 1964 இல் தோக்கியோவில் அவர் சப்பாத்தணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 செக்கன் என்ற அன்றைய உலகச் சிறந்த நேரத்தைப் பதித்தார். பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் மேல் என்பதற்கு மட்டுமே பிகிலாவைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

முல்லைத்தீவில் கேட்கப்பட வேண்டிய கேள்வி பொருத்தம் பற்றியது. அதிலும் நீளத்தைவிட அகலம் பற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்துக்கு அடிப்படையாக இரண்டு ஆய்வுகள் உள்ளன. தென்னிந்தியாவில் 2300 பிள்ளைகளின் பாதங்களைப் பரிசோதித்து ராவும் ஜோசப்பும் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், பாதணி அணிந்து வளர்ந்தோரில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. அணியாதோரில் அது 2.8 வீதம் மட்டுமே. விரல்களை மூடும் சப்பாத்து அணிந்தவர்களிடமே இது அதிகமாகக் காணப்பட்டது. செருப்பணிந்தவர்களிடம் குறைவு. இரண்டாவது, டவூ குழுவினர் 2009 இல் வெளியிட்டது. வாழ்நாள் முழுதும் வெறுங்காலோடு நடந்த இந்தியர்களின் பாதம் அகன்றிருந்ததையும், உடற்பாரம் அதன் மீது கூடுதல் சீராகப் பரவியதையும் அவர்கள் அளந்து காட்டினர். வீட்டில் வெறுங்கால், வெளியே பாட்டா, பாடசாலைக்கு மட்டும் சப்பாத்து என்று வளரும் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பிள்ளைகளுக்கு இம்முடிவுகளை ஒப்புமையால்தான் பொருத்துகிறேன். ஆனாலும் வலுவற்ற ஒப்புமை அல்ல இது. இப்பிள்ளைகளின் பழைய சப்பாத்துகளைத் திருப்பிப் பார்த்தால், அடி தேயும் முன்பே சின்னவிரல் பக்கம் மேற்துணி பிய்ந்திருப்பது தெரியும். அகன்ற முன்பாதம் ஒடுங்கிய சப்பாத்து அச்சோடு முட்டிய இடம் அது.

கடைகளில் விற்கும் சப்பாத்தில் எண் ஒன்றுதான் இருக்கும். அந்த எண் நீளத்தைச் சொல்லும், அகலத்தைப் பற்றிப் பேசாது. ஆங்கில முறையில் ஓர் எண் கூடினால் நீளம் 8.46 மில்லிமீற்றர் கூடும். முன்பாதச் சுற்றளவு 6.35 மில்லிமீற்றர் கூடும். அதே நீளத்தில் அடுத்த அகலத்துக்குப் போனாலும் சுற்றளவு அதே 6.35 மில்லிமீற்றரே கூடும். ஆறாம் எண் நீளத்துக்குப் போதும், ஆனால் இரண்டு படி அகலம் வேண்டும் என்ற நிலையிலுள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கடையில் அகலத் தெரிவு இல்லாததால் அவள் எட்டாம் எண்ணை வாங்குகிறாள். ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் வீண் நீளம் அவளுக்குச் சுமையாகிறது. அதைவிட மோசமானது வேறொன்று. குதியிலிருந்து ஏறத்தாழ 70 வீத தூரத்தில்தான் பாதத்தின் மிக அகன்ற இடம் வரும். சப்பாத்து நீண்டதும் அதன் அகன்ற இடமும், மடியும் இடமும் 12 மில்லிமீற்றர் அளவில் முன்னே நகர்ந்துவிடும். ஆக, அகலத்துக்காக வாங்கிய எட்டாம் எண், அகலம் வேண்டிய இடத்தில் அதைக் கொடுப்பதில்லை. கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும், குதியில் கொப்புளம் போடும், நகம் கறுக்கும். பிறகு போட்டி நாளன்று அவள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினால், 'பழக்கமில்லை' என்று ஆசிரியர் சொல்வார். குறை அவளுடைய பழக்கத்தில் இல்லை.

அப்படியானால் வெறுங்காலே போதாதா என்று கேட்கலாம். கடற்கரை ஈரமணலில் பயிற்சி எடுப்பவருக்குப் போதும். கிரவல் ஒழுங்கையிலும், நெருஞ்சி படர்ந்த மைதான ஓரத்திலும், வெயிலேறிய தார் வீதியிலும் மரதன் ஓடுபவருக்குப் போதாது. ராவ், ஜோசப் ஆய்வு பாதம் உருவாகும் இளம் பருவத்தைப் பற்றியது. பதினாறு வயதில் வீதியில் ஓடும் ஒருவருக்கு அதை விதியாக்குவது ஆய்வை அதன் எல்லைக்கு அப்பால் இழுப்பதாகும்.

உள்ளங்கால் வளைவைப் பார்த்து 'உனக்கு இந்த வகை' என்று சப்பாத்துத் தெரிவு செய்யும் வழக்கத்துக்கும் ஆதாரம் போதாது. நாப்பிக் குழுவினர் அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைப் பயிலுநர்களிடம் இதைச் சோதித்து 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். வளைவுக்கேற்ற சப்பாத்து கொடுக்கப்பட்டவர்களுக்கும், எல்லோருக்கும் ஒரே வகை கொடுக்கப்பட்டவர்களுக்கும் காயங்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அணிந்தவர் உணரும் இதமே நல்ல வழிகாட்டி என்று 2015 இல் நிக் குழுவினர் முன்வைத்த கருத்தும் இதே திசையிலானது. என் பார்வையில், இதமாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் அளக்க வேண்டும். இறுக்கமான பாடசாலைச் சப்பாத்து ஒன்றே பழகிய பிள்ளைக்கு, இறுக்கமும் இதமாகத்தான் தோன்றும்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பின்னேரம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம், பயிற்சியில் அணியும் காலுறையோடு பிள்ளையைத் தாளில் நிற்க வைத்து, குதியைச் சுவரில் முட்டவிட்டு, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரு கால்களையும் வரைய வேண்டும். பெரிய காலே கணக்கு. பிறகு சப்பாத்தின் இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் அவரை நிறுத்தினால், சின்னவிரல் ஓரம் தாண்டி வழிகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் வேண்டும். நீண்ட விரல் எப்போதும் பெருவிரலாக இருப்பதில்லை, இரண்டாவது விரலாகவும் இருக்கலாம். அகலம் சிறிது மட்டும் போதாதபோது, முன்பாதத்துக்கு மேலே வரும் துளைகளில் லேஸைக் குறுக்கே கட்டாமல் பக்கவாட்டில் மட்டும் ஏற்றினால் கொஞ்சம் இளகும்.

போட்டிச் சப்பாத்து பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காபன் தகடு பதித்த தடித்த சப்பாத்துகள் ஓடும்போது செலவாகும் சக்தியைச் சராசரியாக 4 வீதம் குறைத்தன என்று ஹூகாமர் குழுவினர் 2018 இல் காட்டியது உண்மை. உலக மெய்வல்லுநர் சங்கம் வீதியோட்டத்துக்கு 40 மில்லிமீற்றர் அடித்தடிப்பை எல்லையாக வைத்துள்ளது. 2024 நவம்பரிலிருந்து தடகள ஓட்டங்களுக்கு 20 மில்லிமீற்றர். கோட்டமட்டத்திலிருந்து மாகாணமட்டத்துக்கு ஏறப் பாடுபடும் பிள்ளைக்கு, பயிற்சியில் பழகிய அதே அச்சில் வந்த பாரம் குறைந்த சப்பாத்தே போதும். புதிதாய் வாங்கியதைப் போட்டியன்று முதன்முதல் மாட்டக்கூடாது.

வயதோடு பாதமும் மாறும். முள்ளியவளையின் அகிலத்திருநாயகி எழுபதைக் கடந்த வயதில், 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்ற பிறகு, மூத்தோர் ஓட்டத்திலும் இங்கே ஆர்வம் பிறந்திருக்கிறது. இணைநார்கள் தளர்ந்து முதியவர்களின் பாதம் நீண்டு அகலும். இருபது வருடத்துக்கு முந்திய எண்ணை நினைவில் வைத்துச் சப்பாத்து வாங்குவது அவர்களுக்கும் பயன் தராது.

நடைமுறையில் திருத்தம் தொடங்க வேண்டிய இடம் நன்கொடைப் பட்டியல். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் சப்பாத்து அனுப்பக் கேட்கும்போது, பாடசாலையிலிருந்து போவது பெயரும் எண்ணும் மட்டுமே. கனடாவிலும் பிரித்தானியாவிலும் நியூ பலன்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே நீளத்தைப் பல அகலங்களில் விற்கின்றன. அங்கிருந்து அனுப்புபவருக்குக் கிடைக்கும் அந்தத் தெரிவு, இங்கிருந்து அகலம் எழுதி அனுப்பப்படாததால் வீணாகிறது. பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீற்றரில் குறிக்க வேண்டும். வளரும் பிள்ளைகள் என்பதால் அளவெடுத்த திகதியையும் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு தவணைக்கு மேல் பழையதான அளவைக் கொண்டு எதையும் வாங்கக்கூடாது.