பதினெட்டு வயதுக்குக் கீழே

1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் புதுடில்லியில் கையெழுத்திட்ட, காரைக்கால் முதலான பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் ஐந்தாம் விதி என்று ஒன்று உண்டு. காரைக்கால் வரலாறு எழுதுகிறவர்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

அந்த விதிப்படி, இங்கே பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிகள், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு நேஷனாலிட்டியை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். கல்யாணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவே முடிவு. பிள்ளைகளின் பெயரை அந்த மனுவிலேயே குறிப்பிட வேண்டும்.

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் எங்களுடையது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. ஆனால் அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சுப் பாராளுமன்றம் உடன்படிக்கைக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்ததால், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என் கூட்டாளியின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். சைகோனில் இருந்து திரும்பியவர். அவர் சொன்ன கதைகளை வைத்து நாங்கள் அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு துறைமுகமே கட்டி வைத்திருந்தோம். கரையில் கிடந்த பழைய கட்டுமரம்தான் கப்பல். அவன் கப்பித்தேன், நான் சுங்க அதிகாரி. நண்டுக்கெல்லாம் வரி போட்டோம். எதிர்க்கரைதான் சைகோன், அங்கே போகக் கூடாது என்பது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம். போய்விட்டால் அது வெறும் மணல்மேடுதான் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஒருநாள் அம்மா சொன்னாள்: "அவங்க அப்பா எழுதிக் குடுத்துட்டாராம்டா." 1963 கோடையில் குடும்பத்தோடு மார்சேய்க்குப் போய்விட்டார்கள். வயது வந்தவர்கள் அதைப் பென்ஷன், வேலை, படிப்பு என்று பேசினார்கள். அவை நியாயமான காரணங்கள்; இன்றும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும்.

பல ஆண்டுகள் கழித்துப் பாண்டிச்சேரியில் ஆல்பெர் லாமோரிஸின் 'சிவப்பு பலூன்' படத்தைப் பார்த்தேன். உடன்படிக்கை கையெழுத்தான அதே 1956-இல் கான் விழாவில் குறும்படத்துக்கான உயரிய விருதை வாங்கிய படம். 34 நிமிடம், வசனம் மிகக் குறைவு. இயக்குநரின் மகன் பாஸ்கல்தான் அதில் வரும் சிறுவன். பலூன் அவனைப் பள்ளிக்கூடம்வரை பின்தொடர்கிறது, ஜன்னலுக்கு வெளியே காத்திருக்கிறது. தெருப்பையன்கள் கல்லெறிந்து அதைக் கொல்கிறார்கள். காற்று இறங்கி அது சுருங்குகிற காட்சியை லாமோரிஸ் அவசரப்படாமல் காட்டுகிறார். பிறகு பாரிஸின் பலூன்களெல்லாம் ஒன்றுகூடி வந்து பையனை வானத்துக்குத் தூக்கிச் செல்கின்றன. ஆறுதலான முடிவு என்று பலர் சொல்வார்கள். என் கண்ணில் நின்றது சுருங்கிய பலூன்தான். கூட்டமாக வந்த எந்தப் பலூனும் அந்தப் பலூன் இல்லையே.

படம் எடுக்கப்பட்ட பெல்வில், மெனில்மோந்தான் பகுதிகளின் படிக்கட்டுச் சந்துகளில் பெரும்பகுதியைப் பின்னால் இடித்துவிட்டார்கள். ஒரு பிள்ளையின் கண்ணுயரத்தில் அந்தத் தெருக்கள் எப்படி இருந்தன என்பதற்கு இந்தப் படம் இன்று சாட்சியாகிவிட்டது.

எங்கள் ஊருக்கு அப்படியொரு சாட்சி இல்லை. இந்தியாவோடு இணைவது பற்றி மக்கள் பிரதிநிதிகள் கீழூரில் நடத்திய வாக்கெடுப்பில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். அதே வரலாற்றின் இன்னொரு பக்கம் நேஷனாலிட்டி மனுக்களில் இருக்கிறது. தகப்பன் கையெழுத்துக்கு மேலே பிள்ளைகளின் பெயர்கள். காரைக்கால் பிள்ளைகளின் விளையாட்டையும் பிரிவையும் பற்றி எழுத நினைப்பவர் அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கலாம். போனவர்களை மட்டுமல்ல, அவர்களோடு விளையாடி இங்கேயே தங்கிவிட்டவர்களையும் தேட வேண்டும். எல்லோரும் அறுபதைத் தாண்டிவிட்டோம், பலர் எண்பதை நெருங்குகிறார்கள். கேட்பதானால் இப்போதே வந்து கேளுங்கள்.