டிஸ்பிளே வரவில்லை: பிராண்டட் கணினியும் கிராபிக்ஸ் கார்டும்

நிறுவனமே பூட்டி, முத்திரையிட்டு விற்கும் மேசைக்கணினியைத் தமிழ்நாட்டுக் கடைக்காரர்கள் ‘பிராண்டட் சிஸ்டம்’ என்பார்கள். உதிரிப் பாகங்களை வாங்கிக் கடையிலேயே பூட்டியது ‘அசெம்பிள்டு’. பிராண்டட் கணினியில் புதிய கிராபிக்ஸ் கார்டைச் செருகியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை. உடனே கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, கூரியர் செலவையும் ஏற்றுக்கொண்டு திருப்பி அனுப்புகிறார்கள். பல நேரங்களில் கார்டில் ஒரு குறையும் இருக்காது. காரணத்தைத் தேட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மதுரை - போடி ரயில்பாதை 1928இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் ரயில் நின்றது. மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்டவாளத்தின் அகலம் பொருந்தாவிட்டால் ஓடாது. கணினிப் பெட்டிக்குள்ளும் இப்படிப் பலமுறை கேஜ் மாறியிருக்கிறது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யில் ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. திரைக்கான மின்சுற்று மதர்போர்டில் கிடையாது. எழுத்து மட்டும் காட்டும் எம்.டி.ஏ., நிறம் காட்டும் சி.ஜி.ஏ. ஆகிய கார்டுகளில் ஒன்றையாவது செருகினால்தான் படம் வரும். கார்டில் கோளாறு என்றால் கணினி ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்பும். பழுது பார்ப்பவர்கள் இன்றும் காதைத் தீட்டிக்கொள்வது இந்தப் பழக்கத்தால்தான். ஆனால் ஒலிக்குறிப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், சில கணினிகள் ஒலிக்குப் பதில் விளக்கைச் சிமிட்டும். அந்த முதல் பி.சி.யின் எஸ்.எம்.பி.எஸ். தந்த மின்திறன் 63.5 வாட். முழுக் கணினிக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

மின்சுற்று வரைபடங்களை ஐ.பி.எம். நூலாகவே வெளியிட்டதால், பிற நிறுவனங்களும் அந்த ஸ்லாட்டுக்குக் கார்டு செய்தன. 1987இல் ஐ.பி.எம். மனம் மாறியது. பி.எஸ்./2 கணினிகளில் மைக்ரோ சேனல் என்ற புதிய ஸ்லாட்டை வைத்து, அதைப் பயன்படுத்த உரிமத்தொகை கேட்டது. போட்டி நிறுவனங்கள் ஒன்பது சேர்ந்து 1988இல் மாற்று ஸ்லாட்டை அறிவித்தன. மைக்ரோ சேனல் மறைந்தது. அதே கணினிகளில் அறிமுகமான வி.ஜி.ஏ. மட்டும் நிலைத்தது. பிறகு 1992இல் பி.சி.ஐ., 1997இல் ஏ.ஜி.பி., 2004 முதல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டுகள் என்று ஸ்லாட்டுகள் மாறின.

ஸ்லாட்டையே எடுத்துவிட்ட மாற்றமும் உண்டு. 1999இல் வந்த இன்டெல் 810 சிப்செட் டிஸ்பிளேவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அந்த மதர்போர்டுகளில் ஏ.ஜி.பி. ஸ்லாட் இல்லை. 2010, 2011 வாக்கில் கிராபிக்ஸ் புராசசருக்கே இடம்பெயர்ந்தது. அலுவலக வேலைக்கு இது தாராளம். நறுமணப் பொருள் வாரியம் 2007இல் ஏலக்காய் ஏலத்தை மின்னணு முறைக்கு மாற்றிய பின், போடி ஏலக்கூடத்தில் வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். லாட் எண்ணும் விலையும் காட்டத் தனிக் கார்டு எதற்கு? பிராண்டட் கணினி இத்தகைய வேலையைக் கணக்கிட்டே செய்யப்பட்டது.

அதனால்தான் முதலில் பார்க்க வேண்டியது கேபிள். தனிக் கார்டைக் கண்டதும் பல கணினிகள் உள்ளிருக்கும் டிஸ்பிளேவை அணைத்துவிடும். மானிட்டர் கேபிளோ பழைய துளையிலேயே செருகியிருக்கும். சிரிப்பாக இருக்கலாம், விவரம் தெரிந்தவர்களும் இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மின்சாரம். 2000இல் வந்த வூடூ5 5500 கார்டுக்கு ஸ்லாட் தரும் மின்சாரம் போதவில்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனியே ஒரு கம்பி தேவைப்பட்டது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். ஆறு முள் இணைப்பி இன்னொரு 75, எட்டு முள் இணைப்பி 150. அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டப்பட்டு செகண்ட் ஹேண்டாக வரும் சிறிய பிராண்டட் கணினிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். மொத்தமே 180 முதல் 240 வாட்தான்; இந்த இணைப்பிகளும் இருப்பதில்லை. சிலர் சாட்டா இணைப்பியிலிருந்து ஆறு முள்ளுக்கு மாற்றும் கம்பியைப் போடுகிறார்கள். சாட்டாவின் 12 வோல்ட் முனைகள் மூன்றும் சேர்ந்து தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 75 வாட் இழுத்தால் உருகும். இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றலாமே என்றால், அங்கும் பழைய கதை. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அளவுகளை வகுத்தது. சில ஆண்டுகளிலேயே ஒரு பெரிய நிறுவனம் அதே வடிவப் பிளக்கில் கம்பி வரிசையை மாற்றி விற்றது. தெரியாமல் கடை எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் செருகியவர்களின் மதர்போர்டு கருகியது. இன்றைய பிராண்டட் கணினிகளில் பிளக்கே வேறாக இருப்பது ஒருவகையில் நல்லது, தவறாகச் செருக முடியாது. இந்தச் சிக்கலுக்கு வந்த நல்ல விடை, ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் கார்டுகள்: 2014இன் ஜி.டி.எக்ஸ். 750 டிஐ (60 வாட்), 2016இன் 1050 டிஐ, 2019இன் 1650 (இரண்டும் 75 வாட்). இவற்றிலும் சில தயாரிப்பாளர்கள் ஆறு முள் வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஒல்லியான கேபினெட் என்றால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும்.

மின்சாரமும் கேபிளும் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருந்தால் 2012ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 8 வந்த அந்த ஆண்டிலிருந்து பழைய பயாஸின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. வேகமாகப் பிடித்தது. பழைய பயாஸ் கணினி புதிய கார்டை அடையாளம் காணாமல் போகலாம். புதிய கணினி பழைய கார்டின் உள்நிரலை ஏற்காமல் போகலாம். கார்டைக் கழற்றி, உள் டிஸ்பிளேயில் இயக்கி, நிறுவனம் தரும் பயாஸ் புதுப்பிப்பைப் போட வேண்டும். கார்டு பழையது என்றால் செக்யூர் பூட்டை அணைத்து, சி.எஸ்.எம். என்ற பழைய முறை ஆதரவு இருந்தால் இயக்கிப் பார்க்கலாம்.

மலைக்கு மேலே இன்னொன்றும் சேரும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு; அதைத் தாண்டி ஏலத்தோட்டங்கள். தென்மேற்குப் பருவத்தில் அங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். ஈரமும் தூசியும் படிந்த ஸ்லாட்டில் கார்டு சரியாகப் பதியாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, கிளிப் ‘டக்’ என்று விழும்வரை செருக வேண்டும். அதற்கும் படம் வராவிட்டால், திருப்பி அனுப்பும் முன் கீழே போடியிலோ தேனியிலோ உள்ள கடையில் ஓர் அசெம்பிள்டு கணினியில் அந்தக் கார்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.